திரைக்கு உள்ளே இருந்த பிள்ளை

நதீராவின் இத்தா ஒரு பள்ளிக்கூடத்தின் ஏழாம் வகுப்பறையில் தொடங்கியது. ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அவள். பத்து வருடம் கழித்து அதே வகுப்புக்கு, வேறு ஊரில், வேறு காரணத்துக்காக வந்து சேர்ந்தாள். சாய்ந்தமருதில் கடற்கரையோரம் இருந்த அவளுடைய வீட்டையும், அந்த வீட்டைச் சீதனமாகக் கொடுத்த உம்மாவையும், மீன் வாங்கப் போயிருந்த கணவன் பதியுதீனையும் இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் ஒரே காலைப்பொழுதில் கடல் எடுத்துக்கொண்டது. பதியுதீனின் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. அடக்கம் முடிந்த பிறகு, சம்மாந்துறைப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த பெண்கள் வகுப்பறையின் மூலையில் கயிறு கட்டி, நிவாரணமாக வந்த நீலப் பிளாஸ்டிக் தறப்பாளைத் தொங்கவிட்டு, அதற்குள் ஒரு பாயையும் ஒரு மாணவர் மேசையையும் வைத்தார்கள்.

கணவனை இழந்தவள் இத்தாவில் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். ஜனவரி முதல் வாரத்தில் இந்தக் கணக்கு மாறியது. நதீரா உண்டாகியிருந்தாள். கர்ப்பிணியின் இத்தா பிள்ளை பிறக்கும் நாளில்தான் முடியும். காரைதீவிலிருந்து வந்துபோகும் மருத்துவ மாது செல்லத்தங்கம் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, ஆகஸ்ட் கடைசி என்றாள்.

பதினொரு குடும்பங்கள் தலைமாடும் கால்மாடுமாகப் படுத்திருந்த அந்த வகுப்பறையில் தனி இடம் இருந்தது நதீராவுக்கு மட்டும்தான்.

"உனக்கென்ன கா, மாளிகை," என்று தறப்பாளை நீக்கி எட்டிப் பார்ப்பார்கள் பெண்கள். "வாடகைக்கு ஒரு மூலை தாறியா?"

அவளும் சிரிப்பாள். பெண்கள் வந்து இருப்பார்கள், அழுவார்கள், பேன் பார்ப்பார்கள், பிள்ளைக்குப் பால் கொடுப்பார்கள். வெளியே போக முடியாதது அவள் மட்டுமே. உள்ளே வருவதற்கு யாருக்கும் தடை இல்லை. இந்த வேறுபாட்டை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

பதியுதீனின் மூத்த சகோதரி ஜுனைதாவும் அதே வகுப்பறையில் இருந்தாள். இந்தக் கரையில் பெண்கள் தாய் கொடுத்த வீட்டில் வாழ்வார்கள். கணவனின் உறவோடு ஒரே கூரையில் இருக்கும் வழக்கம் குறைவு. ஆனால் நதீராவுக்கு வேறு யாரும் மிச்சமில்லை. ஜுனைதாவின் இரண்டு ஆண் பிள்ளைகளும் கடலோடு போய்விட்டார்கள். ஆறு வயது ஸுலைஹா மட்டும் அன்று மாவடிப்பள்ளியில் மாமி வீட்டில் இருந்ததால் தப்பினாள். படுக்கும்போது ஜுனைதா தன் மணிக்கட்டையும் மகளின் மணிக்கட்டையும் ஒரு துணியால் சேர்த்துக் கட்டிக்கொள்வாள். மலசலகூடத்துக்குப் போகும்போதும் அந்தத் துணியை அவிழ்க்க மாட்டாள்.

ஜனவரி கடைசியில் ஸுலைஹாவுக்கு இலேசாகக் காய்ச்சல் வந்தது. மறுநாள் முகத்திலும் நெஞ்சிலும் சிவப்புப் புள்ளிகள் தோன்றின. அதே நாள் காலையில் ஒரு கதையும் பரவியது. சுகாதாரப் பகுதியினர் முகாம் முகாமாகப் பிள்ளைகளைப் பார்த்து வருகிறார்களாம். மேலில் புள்ளி போட்ட பிள்ளைகளை வேறாக்கி, வாகனத்தில் ஏற்றி, அம்பாறைக்குக் கொண்டுபோகிறார்களாம். இதில் பாதி உண்மை. பிள்ளைகளைப் பார்த்தார்கள், ஊசி தவறியவர்களுக்கு ஊசி போட்டார்கள், காய்ச்சலோடு இருந்தவர்களைச் சில நாட்கள் தனியாக வைக்கச் சொன்னார்கள். வாகனமும் அம்பாறையும் பயம் சேர்த்த பகுதி. ஆனால் பிணக்குவியலில் பிள்ளை தேடிய ஒருத்திக்கு அந்தப் பாதி போதுமானது.

ஜுனைதா துணியை அவிழ்த்து, மகளைத் தறப்பாளுக்குள் தள்ளினாள்.

"நதீரா, இவள் உனக்கிட்ட இரிக்கட்டும். கொஞ்ச நேரந்தான்."

"என்ன மதினி, மேலெல்லாம் புள்ளி போட்டிரிக்கி?"

"சூடு கா. இந்தச் சனத்துக்குள்ள படுத்தா என்ன வரும்? அவனுகள் கண்டா ஏத்திக்கிட்டுப் போயிருவானுகள். பொறகு எந்தப் புள்ள யார்ர புள்ள எண்டு ஆருக்குத் தெரியும்?"

நதீரா பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டாள். ஸுலைஹா இருமிவிட்டு, முகத்தை அவள் கழுத்தில் புதைத்துக்கொண்டாள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நடுவயதுக்காரர், அதே ஊர் மனிதர். ஒவ்வொரு பாயாக வந்து, தறப்பாளுக்கு முன்னால் நின்றார்.

"இதுக்குள்ள?"

"அது இத்தாவில இரிக்கிற புள்ள, சேர்," என்றாள் ஜுனைதா.

அவர் உடனே இரண்டடி பின்வாங்கினார். பார்வையையும் தரைக்கு இறக்கிக்கொண்டார். பிறகு திரையைப் பார்க்காமலே சொன்னார்: "தங்கச்சி, உள்ள சின்னப் பிள்ளைகள் யாரும் இருக்கா? நீங்க கதைக்கத் தேவையில்ல. இருந்தா மேசையில ஒரு தரம் தட்டுங்க, போதும்."

நதீராவின் வலது கை மேசையின் மேல்தான் இருந்தது. மடியில் இருந்த பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். தறப்பாளின் கீழ் விளிம்பில் ஜுனைதாவின் பாதங்கள் தெரிந்தன. ஒரு பாதம் மற்றதை மிதித்துக்கொண்டிருந்தது.

கை அசையவில்லை. அவர் கொஞ்சம் காத்திருந்து, அடுத்த பாய்க்குப் போனார்.

அன்று மட்டுமல்ல, வாகனச் சத்தம் கேட்ட போதெல்லாம் ஸுலைஹா திரைக்குள் வந்தாள். நான்கு நாட்கள். நதீராவின் கோப்பையில் தண்ணீர் குடித்தாள், அவள் பாயில் படுத்தாள். புள்ளிகள் மூன்றாம் நாளே மங்கத் தொடங்கிவிட்டதால் அது ஒரு நோய் என்ற எண்ணமே இருவருக்கும் போய்விட்டது.

ஐந்தாம் நாள் செல்லத்தங்கம் நதீராவைப் பார்க்க வந்தாள். தறப்பாளை நீக்கியதும் ஸுலைஹாவைக் கண்டாள். பிள்ளையின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். காதுக்குப் பின்னால் விரலை வைத்து அமர்த்தினாள். அங்கே நெறி கட்டியிருந்தது.

"எத்தனை நாளாப் புள்ள உன்னோட இருக்கு?"

"அஞ்சு நாள் மிஸி. என்னத்துக்கு?"

செல்லத்தங்கம் தறப்பாளுக்கு வெளியே தலையை நீட்டினாள். ஜுனைதாவைக் கூப்பிட்டாள்.

"இவளுக்கு மூண்டு வயசில போடுற ஊசி போட்டதா?"

ஜுனைதா யோசித்தாள். அந்த ஊசி போடப்படாததற்குப் பெரிய காரணம் எதுவும் இருக்கவில்லை. கிளினிக் நாளில் கரைவலையில் மீன் நிறையப் பட்டது. அடுத்த முறை பார்க்கலாம் என்று விட்டாள். அடுத்த முறையும் ஏதோ ஒன்று வந்தது.

"உனக்கு நதீரா? பள்ளிக்கூடத்தில பொம்பிளப் பிள்ளைகளுக்கு ருபெல்லா ஊசி போட்டாங்களே?"

"அது எட்டாம் வகுப்புக்குப் போட்ட. நான் ஏழோட நிண்டுட்டன்."

செல்லத்தங்கம் பாயில் இருந்துகொண்டாள். அவள் அவசரமாகப் பேசுகிறவள். அன்று மெதுவாகப் பேசினாள். இது ருபெல்லா என்று நினைக்கிறேன், இரத்தம் பார்த்தால்தான் நிச்சயம், என்றாள். பிள்ளைகளுக்கு இது மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். மூச்சிலும் இருமலிலும் பரவும். புள்ளி வருவதற்கு ஒரு கிழமை, அதாவது ஏழு நாள், முன்னரே பரவத் தொடங்கும், வந்து ஒரு கிழமை வரைக்கும் பரவும். ஊசி போடாத கர்ப்பிணிக்கு முதல் மூன்று நான்கு மாதத்தில் தொற்றினால்தான் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. கண், காது, இருதயம், இவற்றில் எதையும் தொடலாம். தொடாமலும் விடலாம்.

"இப்ப அந்த ஊசியப் போடுங்க," என்று நதீரா கையை நீட்டினாள்.

"உண்டான பொம்பிளைக்கு அதப் போடுறல்ல, தங்கச்சி. முந்திப் போட்டிருக்கணும். இல்லாட்டி உன்னச் சுத்தி இருக்கிற ஆக்களாவது போட்டிருக்கணும்."

ஜுனைதா எழுந்து வெளியே போனாள்.

தொற்றியிருந்தால் இரண்டு மூன்று கிழமைக்குள் தெரியும் என்று சொல்லப்பட்டது. அதுவரைக்கும் யாரும் அருகே வரக்கூடாது. அவளிடமிருந்து வேறு கர்ப்பிணிகளுக்குப் போகாமலிருக்கவும் அது வேண்டும். அந்த வகுப்பறையிலேயே இன்னும் இருவர் உண்டாகியிருந்தார்கள். நதீரா தறப்பாளின் விளிம்பைக் கல் வைத்து அமர்த்தினாள். சாப்பாட்டை வெளியே வைத்துவிட்டுப் போகச் சொன்னாள்.

"இத்தாவில இரிக்கிறவள் இப்ப பொம்பிளைகளையும் பார்க்க மாட்டாளாம்!" என்றது ஒரு குரல்.

"புதுச் சட்டம் கா. ராணியெல்லோ?"

ஆண்களுக்காகக் கட்டிய திரை அப்போதுதான் உண்மையில் மூடியது. நோய் அதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டிருந்தது. ஒவ்வொரு விடியலிலும் சட்டையின் கழுத்தை நீக்கி நெஞ்சைப் பார்த்தாள். கண்ணாடி இல்லாததால் முகத்தைத் தேய்ந்த எவர்சில்வர் தட்டின் அடியில் பார்த்தாள். தட்டில் எல்லா முகமும் புள்ளி போட்ட முகம்தான்.

பதினாறாம் நாள் நெஞ்சில் புள்ளி வந்தது. அரிக்கவில்லை, வலிக்கவில்லை. இரண்டு நாளில் போய்விட்டது. இத்தனை சிறிய நோயை அவள் வாழ்க்கையில் பட்டதில்லை.

செல்லத்தங்கம் எடுத்துப் போன இரத்தத்தின் முடிவு கொழும்பிலிருந்து மார்ச் நடுப்பகுதியில்தான் வந்தது. ருபெல்லாதான். மிச்சம் ஐந்து மாதம். அதற்குள் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்பதைச் செல்லத்தங்கம் மறைக்கவில்லை. பொய்யாக ஆறுதல் சொல்வது அவளுக்கு வராது. நதீராவும் அழவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்.

"அண்டைக்கு நான் மேசையில தட்டியிருந்தா?"

"அண்டைக்குப் பிள்ளைய வேறாக்கியிருப்பாங்க. ஆனா அதுக்கு முன்ன ஒரு கிழமையா அவள் உங்க எல்லாருக்கும் நடுவிலதானே திரிஞ்சவள்? அதில தொற்றினதா, மடியில இருந்த அந்த நாளில தொற்றினதா, யாராலயும் சொல்ல ஏலாது."

செல்லத்தங்கம் அதை நல்ல மனதோடு சொன்னாள். ஆனால் அந்தப் பதில் நதீராவை விடுவிக்கவில்லை, தண்டிக்கவும் இல்லை. குற்றவாளி என்று யாராவது சொல்லியிருந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கலாம். அவளால் அறிய முடியாத ஒன்றின் மேல் அவள் தன்னுடைய மிச்ச வாழ்க்கையை வைக்க வேண்டியிருந்தது.

ஏப்ரலில் முகாமைக் கலைத்து, தகரக் கொட்டில்களுக்கு மாற்றினார்கள். நதீராவை நான்கு பெண்கள் சீலை பிடித்து மறைத்து வாகனத்தில் ஏற்றினார்கள். மூன்று மாதத்தில் அவள் பார்த்த வெளி அந்தச் சீலைகளுக்கு மேலே தெரிந்த வானம். புதிய கொட்டிலில் பலகைத் தடுப்புக்கு மறுபக்கம் ஜுனைதாவும் கணவனும் ஸுலைஹாவும். சமைப்பது ஜுனைதா, கொண்டுவந்து வைப்பதும் ஜுனைதா. இருவரும் உப்பைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் பேசினார்கள்.

ஆகஸ்டில் ஹாதிக் பிறந்தான். வைத்தியர் அவன் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், இருதயத்தைக் கேட்டார். இரண்டும் நல்லது என்றார். காது இப்போது சொல்ல முடியாது, கவனித்துக்கொண்டிருங்கள், என்றார். வீட்டுக்குப் போகுமுன் நதீராவுக்கு அந்த ஊசியைப் போட்டார்கள். அவளுக்கு நோய் வந்துவிட்டதால் ருபெல்லாவுக்கு அது தேவையில்லை. சின்னமுத்து எனும் தட்டம்மைக்கும் சேர்த்துப் போடுகிற ஊசி என்பதால் போட்டார்கள். பால் கொடுப்பவர்கள் போடலாம் என்றாள் செல்லத்தங்கம். ஏழு மாதத்துக்கு முன் நீட்டிய கையை நதீரா மறுபடி நீட்டினாள்.

இத்தா முடிந்தது. ஆனால் செல்லத்தங்கம் இன்னொன்றையும் சொன்னாள். வயிற்றில் தொற்றிய பிள்ளை ஒரு வருடம் வரைக்கும் அந்தக் கிருமியை எச்சிலிலும் சிறுநீரிலும் வைத்திருக்கலாம். ஊசி போடாத கர்ப்பிணிகள் பிள்ளையைத் தூக்கக் கூடாது.

ஜுனைதா அப்போது உண்டாகி மூன்று மாதம். கடல் கொண்டுபோன இடத்தை நிரப்ப அந்தக் கரையில் நிறையப் பெண்கள் அந்த வருடம் உண்டானார்கள். மருமகனைக் கையில் வாங்க ஓடிவந்தவள், கொட்டில் வாசலில் செல்லத்தங்கம் சொன்னதைக் கேட்டு நின்றாள். நீட்டிய கைகளை மெதுவாக இழுத்து, தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"உங்கட ரத்தத்தையும் பார்ப்பம். முந்தி வந்திருந்தா பயமில்ல," என்றாள் செல்லத்தங்கம்.

பார்த்தார்கள். ஜுனைதாவுக்குச் சிறுவயதிலேயே வந்து போயிருந்தது. பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்த முடிவு வந்த பிறகும் பெப்ரவரியில் ஸஹ்றா பிறக்கும்வரை அவள் ஹாதிக்கைத் தூக்கவில்லை. நதீரா அதைப் பார்த்தாள்.

நதீரா ஒவ்வொரு நாளும் மகனைச் சோதித்தாள். பின்னால் நின்று கை தட்டுவாள். சில நேரம் திரும்புவான். நிழலைக் கண்டு திரும்பினானா, காற்றை உணர்ந்து திரும்பினானா என்று தெரியாது. தட்டைத் தட்டுவாள், பேர் சொல்லிக் கூப்பிடுவாள். ஒருநாள் கேட்கிறது என்பாள், மறுநாள் இல்லை என்பாள். எட்டாம் மாதத்தில் ஒரு நண்பகல், கொட்டிலின் தகரக் கூரையில் தேங்காய் விழுந்தது. ஸுலைஹா அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். பலகைக்கு மறுபக்கம் ஸஹ்றா வீறிட்டாள். பாயில் இருந்த ஹாதிக் கையிலிருந்த கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நதீரா அதற்குப் பிறகு கை தட்டவில்லை.

இரண்டாயிரத்து எட்டில் வீட்டுத் திட்டம் வந்தது. ஊருக்கு மேற்கே, வயலோரம், ஒரே சுவரைப் பகிர்ந்த இரட்டை வீடுகள். பெயர்ப்பட்டியலில் நதீராவும் ஜுனைதாவும் அடுத்தடுத்து இருந்ததால் சுவரும் அவர்களுக்கு ஒன்றாகவே கிடைத்தது.

மறு வருடம் மே மாதம். வன்னியில் யுத்தம் முடிகிறது என்று வானொலி நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. சந்திச் சோதனைச் சாவடியில் வழமையை விடக் கூடுதலான ஆட்கள் நின்றார்கள். எங்கோ ஒரு ஊரில் ஊசி போட்ட பிள்ளை மயங்கி விழுந்துவிட்டது என்ற பேச்சும் அதே கிழமை வந்தது. எந்த ஊர், எந்த ஊசி என்று சொல்ல யாருக்கும் தெரியவில்லை. ஸஹ்றாவுக்கு மூன்று வயது கடந்து மூன்று மாதம்.

திட்டத்துப் பொது மண்டபத்தில் கிளினிக். வராத பிள்ளைகளைத் தேடி செல்லத்தங்கம் புத்தகத்தோடு வீடு வீடாக வந்தாள். அவள் ஒழுங்கைத் திருப்பத்தில் தெரிந்ததும் ஜுனைதா பின்வாசலால் நதீராவின் வீட்டுக்குள் வந்தாள். மகளை அறைக்குள் விட்டு, கதவைச் சாத்தினாள்.

"கேட்டா ஒண்டும் சொல்லாத, நதீரா."

"மதினி, இது அந்த ஊசிதான்."

"தெரியும். எனக்குப் புத்தி சொல்ல வராத. நான் ரெண்டக் கடலுக்குக் குடுத்தவள். இவளக் கொண்டுபோய் என்ர கையால ஊசிக்குப் பிடிக்க ஏலா. ஸுலைஹாவுக்கு வந்து மூணு நாளில போகல்லியா? இவளுக்கும் வந்து போகட்டும்."

சொல்லிவிட்டு அவளே ஹாதிக்கைப் பார்த்தாள். அவன் வாசற்படியில் இருந்து எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜுனைதா முற்றத்துக்குப் போனாள்.

செல்லத்தங்கம் முற்றத்தில் ஜுனைதாவிடம் கேட்டாள். ஸஹ்றா மாவடிப்பள்ளிக்குப் போய்விட்டாள் என்று பதில் வந்தது. பிறகு நதீராவின் வாசலுக்கு வந்தாள்.

"உன்ர வீட்டுக்குள்ள ஆரும் பிள்ளைகள் இருக்கா?"

நதீரா சாத்திய கதவில் முதுகு சாய்த்து நின்றாள். இப்போது இத்தா இல்லை, திரை இல்லை, கேட்பவள் ஆணும் இல்லை. வாயைத் திறந்தால் போதும். ஆனாலும் அது சுலபமாக இருக்கவில்லை. மிஸியின் தோளுக்குப் பின்னால் ஜுனைதாவின் கண்கள் தெரிந்தன. இந்த ஒரு சுவரைத் தவிர நதீராவுக்குச் சாய வேறு இடம் கிடையாது. காய்ச்சலில் கஞ்சி கொண்டுவருவது அந்தக் கை. ஹாதிக்கைத் தூர ஊரில் இருக்கும் செவிப்புலனற்றோர் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போவதானால் கூட வரவேண்டியதும் ஜுனைதாவின் கணவன்தான். அவளைப் பகைத்துவிட்டு வாழ முடியுமா என்று நதீரா கணக்குப் பார்த்தாள். விடை வருவதற்கு முன் அவள் கை பின்னால் போய்க் கதவில் ஒரு தரம் தட்டியது.

செல்லத்தங்கத்துக்கு அது விளங்கவில்லை. அன்று அவள் அங்கே இருக்கவில்லை, பிறகு ஒரு தரம் கேட்டது மட்டும்தான். ஜுனைதாவுக்கு விளங்கியது.

"அண்டைக்குத் தட்டாத கை," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "இப்பதான் ஏலுமாகிச்சா?"

"ஓம் மதினி."

பிறகு செல்லத்தங்கத்திடம் சொன்னாள்: "ஸஹ்றா உள்ள இரிக்கிறாள், மிஸி."

செல்லத்தங்கம் ஜுனைதாவைத் திட்டவில்லை. படியில் இருந்துகொண்டு, பயத்தைப் பயமாகவே எடுத்துப் பேசினாள். ஊசி ஒத்துக்கொள்ளாமல் போவது உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். அது மிக மிக அரிது. வந்தால் அநேகமாக அரை மணித்தியாலத்துக்குள் வரும். அதற்குத்தான் போட்ட பிறகு எழும்ப விடாமல் அங்கேயே வைத்திருக்கிறோம். மருந்து என் மேசையில் தயாராக இருக்கும். சின்னமுத்து அப்படி அரிதாக வருவதில்லை. ஊசி போடாத பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் வந்தால் அநேகமாக ஒருவரையும் விடாது.

"அரை மணித்தியாலமும் நீ எங்கயும் போகமாட்டியா?" என்று கேட்டாள் ஜுனைதா.

"போகமாட்டன். எனக்கு முன்னாலயே இரு."

ஜுனைதா கதவைத் திறந்து மகளைத் தூக்கினாள். நதீராவைப் பார்க்கவில்லை.

மண்டபத்தில் ஊசி ஏறும்போது ஸஹ்றா கத்தினாள். ஜுனைதா கண்களை மூடிக்கொண்டு பிடித்தாள். பிறகு சுவரோரம் கிடந்த நீள மர வாங்கில் போய் இருந்தாள். நதீரா ஹாதிக்கோடு அதே வாங்கின் மறுமுனையில் இருந்தாள். நடுவில் இரண்டு பேர் இருக்கக்கூடிய இடம் வெறுமையாகக் கிடந்தது. செல்லத்தங்கத்தின் மேசைக்கு மேலே மணிக்கூடு. ஜுனைதா அதையும் மகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பத்து நிமிடம். பதினைந்து.

இருபதாவது நிமிடத்தில் சந்தியில் வெடிச்சத்தம் கேட்டது. முதலில் எல்லோரும் குனிந்தார்கள். அந்த ஊரில் அது பழகிப்போன குனிவு. பிறகுதான் பட்டாசு என்று தெரிந்தது. யுத்தம் முடிந்துவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். சரம் சரமாக வெடித்தது. மண்டபத்தில் இருந்த கைக்குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழுதன.

ஜுனைதா ஸஹ்றாவின் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். பொத்தியபடியே நிமிர்ந்தபோது ஹாதிக் அவள் முன்னால் வந்து நின்றான். அழும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்திருந்தான். இவர்களை யார் அடித்தார்கள் என்று தேடுகிற பார்வை அது. ஸஹ்றாவின் காதுகளை மூடியிருந்த அந்தக் கைகளை அவன் உற்றுப் பார்த்தான். பிறகு தன் இரண்டு கைகளையும் தூக்கி, அதே போல, தன் காதுகளின் மேல் வைத்துக்கொண்டான்.

வெடி ஓய்ந்த பிறகும் ஜுனைதா கைகளை எடுக்கவில்லை. மணிக்கூட்டில் இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.